பதினோரு மணிக்கு என் இரங்கல் கூட்டம்

இந்த வண்டி பத்தரைக்குள்ள மதுரை காளவாசல் போயிருமா தம்பி? கண்டக்டர்ட்ட கேட்டா, "உக்காருங்க பெருசு, போகும்போது போகும்"ங்கிறான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவனுக்கெல்லாம் தோள்ல ஒரு பை. பதினோரு மணிக்கு ஒரு இரங்கல் கூட்டம். இல்ல இல்ல, நீங்க வருத்தப்படாதீங்க. நெருங்கின சொந்தமெல்லாம் இல்ல. எனக்குத்தான் இரங்கல் கூட்டம்.

எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போகணும்னா போங்க, தப்பா நெனைக்க மாட்டேன். ஆனா மூணு பேரு சீட்டுல ரெண்டு பேரா உக்காந்து வர்றது இந்த ரூட்டுல லேசுல கெடைக்காது. எனக்கு மூளையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்தா பாருங்க, இந்தப் பைலுக்குள்ள எல்லாம் இருக்கு. இது ஆதார் கார்டு. இது உயிரோட இருக்கேன்னு வருசா வருசம் பென்சனுக்குக் குடுக்கிற சர்ட்டிபிகேட்டு. இது பேப்பர்ல வந்த துக்கச் செய்தி. மூணையும் வரிசையா வச்சு, 'பாத்துக்கங்கடா'ன்னு காட்டத்தான் போய்க்கிட்டிருக்கேன்.

பேரு சௌந்தரபாண்டியன். சொந்த ஊரு போடி. சர்வேயரா இருந்தேன், முப்பத்து மூணு வருசம். சங்கிலி புடிச்சு அளந்த காலத்துல இருந்து மிஷினை வச்சு அளக்கிற காலம் வரைக்கும் பாத்தாச்சு. அண்ணன் தம்பிக்கு நடுவுல கல்லு ஊணுனா ரெண்டு பேரும் என்னையத் திட்டுவாய்ங்க. ரெண்டு பேரும் திட்டுனா அளவு சரியா இருக்குன்னு அர்த்தம். ஒருத்தன் சிரிச்சான்னா எங்கயோ தப்பு. அப்பிடியே பழகிப்போச்சு எனக்கு.

ரிட்டயர் ஆகி வீட்டுல உக்காந்தேன். சம்சாரம் அதுக்கு மூணு வருசம் முந்தியே போய்ச் சேந்திருச்சு. பையன் பூனாவுல. அவன்தான் ஒரு கம்ப்யூட்டரை வாங்கிக் குடுத்து, "இத வச்சுப் பொழுதப் போக்குங்கப்பா"ன்னான். அப்பத்தான் இந்தக் களஞ்சியம் கண்ணுல பட்டுச்சு. இன்டர்நெட்டுல தமிழ்ல ஒரு கலைக்களஞ்சியம் தம்பி. ஊரு, ஆறு, மலை, மனுசன், எதப் பத்தி வேணாலும் அதுல ஒரு பக்கம் இருக்கும். யாரு வேணா எழுதலாம். ஒருத்தர் எழுதுனத இன்னொருத்தர் திருத்தலாம். சம்பளம் கிம்பளம் கெடையாது, எல்லாம் சும்மாதான். நான் போய்ப் பாத்த அன்னிக்கு எங்க ஊரு ஆறு எங்க போயி வைகையில விழுகுதுன்னு தப்பாப் போட்டிருந்தாய்ங்க. திருத்துனேன். அன்னிக்கு ஆரம்பிச்சது, பதினோரு வருசம். நாப்பத்தோராயிரத்து எண்ணூத்தி அறுபத்திரண்டு திருத்தம்.

அங்க எப்பவும் ஒரு முப்பது நாப்பது பேரு கெடப்பாய்ங்க. வேலைவெட்டி இல்லாத கூட்டம். வேலை இருக்கிறவனும் அந்த வேலையப் பாக்காமத்தான் அங்க கெடப்பான். பேரு வச்சுக்கிற லட்சணத்தப் பாருங்க. நான் 'போடி சௌந்தரபாண்டியன்'னு முழுசா வச்சிருந்தேன். அப்பன் வச்ச பேரைச் சொல்ல என்ன வெக்கம்? அங்க ஒருத்தன் பேரு 'பக்கோடா'. காரைக்குடிக்காரன். வைரவன்னு நல்ல பேரு இருக்கு, ஐ.டி.ஐ.ல வெல்டிங் சொல்லிக் குடுக்கிற வாத்தியாரு. அந்த மனுசன் பக்கோடான்னு கையெழுத்துப் போடுறான். இன்னொரு பொண்ணு பேரு 'கொசுவலை'. ரஹ்மத் நிஷான்னு திருநெல்வேலி மேலப்பாளையத்துல டீச்சரு. ஏன்மா இந்தப் பேருன்னு கேட்டா, 'வேண்டாதது உள்ள வராமப் பாத்துக்கிறேன்யா'ங்குது. கெட்டிக்காரப் பொண்ணுதான். ஆனா பேரு கொசுவலை.

இவய்ங்க பேசிக்கிறதுக்குன்னு ஒரு தனிப் பக்கம். அதுக்கு 'டீக்கடை'ன்னு பேரு. படிச்சவய்ங்க கூடுற எடத்துக்கு வைக்கிற பேரா இது? களஞ்சியத்துல ஆதாரம் இல்லாம ஒரு வரி எழுதுனா, பக்கத்துல 'சான்று தேவை'ன்னு குறி போடுறது வழக்கம். நல்ல வழக்கம். அதையும் இவய்ங்க வெளையாட்டாக்கிட்டாய்ங்க. ஒருத்தன் டீக்கடையில வந்து, 'எனக்குப் பொம்பளப்புள்ள பொறந்திருக்கு'ன்னு எழுதுறான். கீழ எட்டுப் பேரு வரிசையா 'சான்று தேவை'. அவன் புள்ளையோட போட்டோவைப் போட்டான். 'இது பெற்றோர் தரப்புச் சான்று, நடுநிலையானதல்ல'ன்னு பக்கோடா எழுதுறான். மறுநா ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்த சீட்டைப் போட்டான். அப்பறந்தான் எல்லாரும் வாழ்த்துச் சொன்னாய்ங்க. நான் கீழ ஒரே வரி எழுதுனேன். 'இது கலைக்களஞ்சியம், சந்தைக்கடை அல்ல.' அதுக்கு இருபது பேரு கையெடுத்துக் கும்பிடுற பொம்மையப் போட்டாய்ங்க. சின்னப் பயலுகளா இருந்தாலும் ஒரு மரியாதை இருந்துச்சு.

இன்னொரு கூத்தக் கேளுங்க. ஒரு பக்கத்துக்காக ரெண்டு பேரு சண்டை போட்டா, அதாவது அவன் எழுதுனத இவன் அழிக்க, இவன் எழுதுனத அவன் அழிக்கன்னு மூணு தடவைக்கு மேல போச்சுன்னா, ரெண்டு பேருக்கும் தண்டனை. ஆளுக்கு ஒரு பூச்சியப் பத்திப் பக்கம் எழுதணும். புள்ளப்பூச்சி, பொன்வண்டு, கரையான், எதுவானாலும் சரி. அந்தப் பக்கத்த முடிக்கிற வரைக்கும் அந்தச் சண்டையில வாயத் தொறக்கக் கூடாது. வண்டுக்கு எத்தனை காலு, எந்த மாசம் முட்டை வைக்குதுன்னு தேட ஆரம்பிச்சா கோவம் எறங்கிருமாம். அதனால எங்க களஞ்சியத்துல மந்திரிமாரப் பத்தி இருக்கிறத விட வண்டு வகையறா அதிகம்.

நானும் சண்டை போட்டிருக்கேன். தப்பா எழுதுனா அழிக்காம வெத்தலபாக்கு வச்சா அழைப்பாங்க? ஆனா ஒரு பூச்சி நான் எழுதல. சர்க்கார்ல முப்பத்து மூணு வருசம் கழிச்சவன், ஒரு வெல்டிங் வாத்தியாரு சொல்றான்னு கரப்பானைப் பத்தி எழுதுவேனா? என் பேர்ல பூச்சி ஏறிக்கிட்டே போச்சு. அறுபத்து மூணு ஆன அன்னிக்கு டீக்கடையில 'அறுபத்துமூவர் உற்சவம்'னு ஒரு கொண்டாட்டம் போட்டாய்ங்க. பல்லக்குல பூச்சிய வச்சுப் படம் வேற. நான் ரெண்டு நாள் அந்தப் பக்கமே தலை வைக்கல. மூணாம் நாள் போயி, அந்தக் கொண்டாட்டத்துல ரெண்டு எழுத்துப்பிழை இருந்துச்சு, திருத்தி விட்டுட்டு வந்தேன்.

ஆண்டிபட்டி வந்திருச்சா? கணவாய் ஏறுனா காத்து நல்லா வரும். அந்த ஜன்னலைத் தொறந்துக்கங்க.

வருசத்துக்கு ஒரு தடவை எல்லாரும் ஒரு ஊர்ல கூடுவாய்ங்க. பதினோரு வருசமும் என்னையக் கூப்பிட்டாய்ங்க. நான் போனதில்ல. போன் நம்பர் கேட்டாய்ங்க, குடுக்கல. போட்டோ கேட்டாய்ங்க. 'திருத்தத்தைப் பாருங்கள், முகத்தைப் பார்த்து ஆவதொன்றுமில்லை'ன்னு எழுதிட்டேன். கூடிக் குடிச்சு சாப்பிட்டுட்டு வந்து போட்டோவா போடுவாய்ங்க. அதெல்லாம் நான் பாக்குறதில்ல. போன வருசம் குத்தாலத்துல கூடுனாய்ங்க. பக்கோடா பச்சைத் துண்டக் கட்டிக்கிட்டு அருவிக்குப் பக்கத்துல கண்ண மூடிக்கிட்டு நின்னான். கொசுவலை ரெண்டு புள்ளைகளோட வந்திருந்துச்சு, சின்னதுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்திருந்துச்சு. எல்லாரும் ஒரு வாழை எலையில பரோட்டாவப் பிச்சுப் போட்டு நடுவுல கைய விட்டுச் சாப்பிடுறாய்ங்க. இந்த மாதிரி போட்டோக்கள். இதையெல்லாம் எவன் உக்காந்து பாப்பான்?

ஆனா வேலைன்னு வந்தா விதி வேணும்ல. அது இல்லாம இருந்துச்சு. நான்தான் எழுதுனேன். ஏழாம் விதி. 'நேரில் அறிந்தது சான்றாகாது. தனிப்பட்ட ஆவணங்கள் சான்றாகா. அச்சில் வெளிவந்ததே சான்று.' மூணே வரி. இன்னைக்கும் அதுல ஒரு புள்ளிய மாத்த முடியாது. ஒரு தடவை ஒரு பழைய கபடிக்காரரு எழுதுனாரு. அவரப் பத்தின பக்கத்துல பொறந்த ஊரு தப்பா இருக்காம். 'ஐயா, நான் பொறந்தது எந்த ஊருன்னு எனக்குத் தெரியாதா?'ங்கிறாரு. 'தாங்கள் கூறுவது சான்றாகாது'ன்னு போட்டேன். பொறப்புச் சர்ட்டிபிகேட்டைப் படம் புடிச்சு அனுப்புனாரு. 'தனிப்பட்ட ஆவணம்'னு போட்டேன். மூணாவது தடவை, 'எங்க அம்மா பாத்தா வருத்தப்படும்யா, தொண்ணூறு வயசு'ன்னு எழுதுனாரு. இதெல்லாம் ஒரு காரணமா? பக்கோடா கூட எனக்குத் தனியா எழுதுனான், கொஞ்சம் விட்டுக் குடுக்கலாமேய்யான்னு. கல்லு நட்டாச்சுன்னா நட்டதுதான். விட்டுக் குடுத்தா நாளைக்கு ஊரே வந்து வரிசையில நிக்கும்.

இப்ப விசயத்துக்கு வாரேன். எட்டு மாசம் முந்தி எங்க பக்கத்துச் செங்குளம் கண்மாயப் பத்தி ஒரு பக்கம் எழுதுனேன். கரையோட நீளம் ஆயிரத்து நூத்தி நாப்பது மீட்டர்னு போட்டேன். மறுநா பாத்தா அந்த நம்பருக்குப் பக்கத்துல 'சான்று தேவை'. போட்டது யாரு? கொசுவலை. எண்பத்தேழுல நான் கையால அளந்தது தம்பி. சித்திரை வெயில்ல, கரை மேல, செருப்புக்குள்ளயும் காலு கொப்புளிக்கிற சூட்டுல அளந்தது. அதை எழுதுனேன். அந்தப் பொண்ணு பதில் போடுது, 'ஐயா, மன்னிக்கணும். ஏழாம் விதி.' என் விதிய எடுத்து என்கிட்டயே நீட்டுது. நான் அந்தக் குறிய அழிச்சேன். அது திரும்பப் போட்டுச்சு. நான் அழிச்சேன். மூணு தடவையும் தாண்டிருச்சு. எவனாவது எனக்காக ஒரு வார்த்தை பேசுவான்னு பாத்தேன். ஒருத்தன் பேசல. பக்கோடா வந்து, 'ஐயா, பூச்சி நம்பர் அறுபத்து நாலு'ன்னு போட்டான். அம்புட்டுப் பேரும் சிரிச்சாய்ங்க.

அன்னிக்கு விட்டேன். போறேன்னு யார்ட்டயும் சொல்லல. சொல்லிட்டுப் போறவன திரும்பக் கூப்பிட ஆள் இருக்காது. சொல்லாமப் போனாத்தான் தேடுவாய்ங்க. ஆனா தெனமும் போய்ப் பாப்பேன், உள்ள நொழையாம, வெளியில இருந்து. நான் இல்லாம எப்பிடிச் சீரழியுதுன்னு பாக்கத்தான். எனக்குன்னு இருக்கிற பேச்சுப் பக்கத்துல 'ஐயா நலமா', 'ஐயாவைக் காணலையே'ன்னு ஒரு எட்டுப் பேரு கேட்டிருந்தாய்ங்க. கொசுவலை மட்டும் மாசத்துக்கு ஒரு தடவை கேட்டுச்சு. நான் பதில் சொல்லல. பதினோரு வருசம் உழைச்சவனுக்கு எட்டுப் பேரு பத்துமா, நீங்களே சொல்லுங்க.

அப்பத்தான் எங்க ஊர்ல இன்னொரு சௌந்தரபாண்டியன் செத்துப்போனாரு. கருவூலத்துல இருந்தவரு, என் வயசுதான். நல்ல மனுசன். ரெண்டு பேருக்கும் வர்ற தபால் மாறிப்போயி, அந்தப் பழக்கம். நானும் துக்கத்துக்குப் போயி மாலை போட்டுட்டு வந்தேன். வாசல்ல பந்தல் கொள்ளாத கூட்டம். மகன், மருமகன், பேரன்னு ஆளாளுக்கு அழுகுறாங்க. மறுநா பேப்பர்ல செய்தி. 'போடி சௌந்தரபாண்டியன் மறைவு. ஓய்வுபெற்ற அரசு அலுவலர். வயது எழுபது.' இதுதான் அந்தத் துண்டு. சாயங்காலம் களஞ்சியத்தைத் தொறந்தா, என் பேருக்குப் பக்கத்துல பொறந்த வருசம், ஒரு கோடு, செத்த வருசம். எவனோ பேப்பரப் பாத்துட்டு வந்து சொல்லியிருக்கான். அச்சுல வந்துருச்சுல்ல. அதுக்கு மேல யாரும் ஒரு கேள்வி கேக்கல.

செத்தவங்க கணக்கைப் பூட்டி வச்சிருவாய்ங்க, வேற எவனும் அந்தப் பேர்ல நொழைஞ்சிரக் கூடாதுன்னு. அதுவும் நான் சொன்ன யோசனைதான். ஆகமொத்தம் நான் இப்ப என் பேர்ல உள்ள போக முடியாது.

பையன்ட்ட போன்ல சொன்னேன். "என்னையச் செத்துப்போனேன்னு எழுதிட்டாய்ங்கடா"ன்னேன். "அப்பா, மீட்டிங்ல இருக்கேன், ராத்திரி பேசுறேன்"னான். அது போன மாசம்.

எனக்குன்னு அஞ்சலிப் பக்கம் ஒண்ணு போட்டிருக்காய்ங்க. ஒரு மனுசன் செத்தா அத எழுதவாவது ஒரு ஒழுங்கு வேணாம்? மொத வரியிலயே தப்பு. 'ஓய்வுபெற்ற வட்டாட்சியர்'னு போட்டிருக்கு. நான் சர்வேயரு. ரெண்டாவது, திருத்தம் 'ஏறத்தாழ நாற்பதாயிரம்'னு போட்டிருக்கு. ஏறத்தாழ என்ன ஏறத்தாழ? எண்ணிப் பாக்கக் கை வலிக்குதா? என் போட்டோ இல்லைங்கிறதுக்காக ஒரு கல்லப் படம் புடிச்சு, அதுக்கு மாலை போட்டு வச்சிருக்காய்ங்க. அப்பத்தான் தெரிஞ்சது, இத்தனை வருசமா இவய்ங்க எனக்கு வச்சிருந்த பேரு 'எல்லைக்கல்'லாம். நான் டீக்கடைக்குள்ள வந்தா, 'கல்லு வருது, வேலையப் பாருங்க'ம்பாய்ங்களாம். சரி, பேரு வச்சதுதான் வச்சாய்ங்க, படத்துல இருக்கிறது எல்லைக்கல்லா? மைல்கல்லு தம்பி. மேல மஞ்ச பெயிண்ட் அடிச்சிருக்கு. சர்வே கல்லுன்னா தலையில குறி வெட்டியிருக்கும். இது கூடத் தெரியாதவய்ங்க கூடத்தான் நான் பதினோரு வருசம் குப்பை கொட்டியிருக்கேன்.

அப்பறம் 'அன்பானவர்'னு ஒருத்தன் எழுதியிருக்கான். எதை வச்சுச் சொல்றான்? எங்கயாவது ஒரு எடம் காட்ட முடியுமா அவனால?

முப்பத்து நாலு பேரு எழுதியிருக்காய்ங்க. எல்லாத்தையும் படிச்சேன். வேற வழியில்ல, தப்பைக் குறிச்சு எடுக்கணும்னா படிச்சுத்தான் ஆகணும். ஒருத்தன் எழுதுறான், அவனோட மொதப் பக்கத்துல நான் எழுபத்தோரு தப்பைக் காட்டுனேனாம், அழுதுட்டானாம், அப்பறம் அந்த எழுபத்தொண்ணையும் நானே உக்காந்து திருத்திக் குடுத்தேனாம். எனக்கு ஞாபகமே இல்ல. என் பேர்ல நின்ன அறுபத்து நாலு பூச்சியையும் ஆளுக்கு ரெண்டுன்னு பிரிச்சுக்கிட்டு ஒம்பது நாள்ல எழுதி முடிச்சிட்டாய்ங்க. ஒவ்வொண்ணுக்குக் கீழயும் 'ஐயாவுக்காக'ன்னு ஒரு குறிப்பு. அத்தனையையும் பாத்தேன். நாப்பத்தொன்பது தப்பு. திருத்தணும்னு கை நமநமங்குது, கணக்கு பூட்டிக் கெடக்குது.

கொசுவலை எழுதுனதுதான் நீளம். அந்தப் பொண்ணு திருநெல்வேலியில இருந்து மதுரைக்கு வந்து, பழைய புத்தகம் வச்சிருக்கிற லைப்ரரில ரெண்டு நாள் உக்காந்து தேடியிருக்கு. எண்பத்தொன்பதுல அச்சடிச்ச ஒரு பாசனக் கையேட்டுல செங்குளம் கண்மாய் இருந்திருக்கு. கரை நீளம் ஆயிரத்து நூத்தி நாப்பது மீட்டர். அளந்தவர் சௌந்தரபாண்டியன். என் பேரு அச்சுல இருக்குன்னு எனக்கே தெரியாது தம்பி, எவனும் சொல்லல. அதைப் படம் புடிச்சுப் போட்டு, 'சான்று தேவை'ங்கிற குறிய எடுத்துட்டு எழுதியிருக்கு. 'ஐயாவிடம் சான்று கேட்டது தவறு என்று இப்போதும் நினைக்கவில்லை. அவரும் அப்படித்தான் சொல்வார். ஆனால் எட்டு மாதத்துக்கு முன்பே நான் போய்த் தேடியிருக்க வேண்டும். அவர் பார்க்காமல் போய்விட்டார்.'

எனக்கு வலது கண்ணுல புரை தம்பி. ஆபரேசன் பண்ணணும்னு டாக்டரு சொல்லிக்கிட்டே இருக்காரு. கம்ப்யூட்டரை ரொம்ப நேரம் பாத்தா தண்ணியா வடியும். அன்னிக்கு அது வேற.

அந்தக் கண்ணோடயே களஞ்சியத்துக்கு ஒரு மெயில் அனுப்புனேன், 'நான் உயிரோடு இருக்கிறேன், சௌந்தரபாண்டியன்'னு. ஒரு வரிதான். பக்கோடா பதில் அனுப்புறான். 'யாருங்க நீங்க? ஐயா பேர்ல வெளையாடாதீங்க. அவரா இருந்தா ஒத்த வரியில நிறுத்தியிருக்க மாட்டாரு. எங்க அஞ்சலியில குறைஞ்சது பத்துத் தப்பாவது சொல்லியிருப்பாரு.' கொழுப்பப் பாத்தீங்களா? நான் திரும்ப எழுதுனேன், நான்தான்னு. அதுக்குக் கொசுவலை பதில். ரொம்ப மரியாதையா எழுதியிருந்துச்சு. 'தாங்கள் கூறுவதை நம்ப ஆசையாக இருக்கிறது. ஆனால் நேரில் அறிந்தது சான்றாகாது. அச்சில் வந்த மறுப்பு ஏதும் இருந்தால் அனுப்புங்கள்.' விதிய அப்பிடியே எடுத்து வச்சிருக்கு, ஒரு எடத்துல பிசகல. நானா இருந்தாலும் அதத்தான் எழுதியிருப்பேன்.

இந்த ஆதாரை அனுப்பியிருக்கலாம்தான். தனிப்பட்ட ஆவணம் செல்லாதுன்னாலும் சந்தேகமாவது வந்திருக்கும். அனுப்பல. அனுப்புவோம் அனுப்புவோம்னு தள்ளிக்கிட்டே போச்சு. அதுக்குள்ள தெனமும் ரெண்டு மூணு பேரு புதுசா வந்து எழுதிக்கிட்டிருந்தாய்ங்க. எழுதட்டும், எல்லாத் தப்பையும் மொத்தமாப் பாத்துக்கலாம்னுதான் விட்டேன்.

செக்கானூரணி தாண்டிட்டானா? பரவால்ல, வேகமாத்தான் போறான்.

போன் பண்ணியிருக்கலாமேன்னு கேக்குறீங்க. பண்ணுனேன் தம்பி. கூட்டம் மதுரையிலன்னு அறிவிப்புப் போட்டு, கீழ வைரவன், அதான் அந்தப் பக்கோடா, அவன் நம்பரக் குடுத்திருந்தாய்ங்க. முந்தாநாள் கூப்பிட்டேன். பதினோரு வருசத்துல அன்னிக்குத்தான் குரலக் கேக்குறேன். மெல்லிசான குரலு. "சௌந்தரபாண்டியன் கூட்டம் சம்பந்தமா"ன்னு ஆரம்பிச்சேன். "வாங்கய்யா, அவசியம் வாங்க. நீங்க ஐயாவுக்கு என்ன வேணும்?"ன்னான். நான்தான்டா அதுன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அவன் முந்திக்கிட்டான். "அவர நேர்ல பாத்தவங்க எங்கள்ல ஒருத்தர் கூட இல்லய்யா. நீங்க பாத்திருக்கீங்களா? எப்பிடி இருப்பாரு?"ங்கிறான்.

என்னத்தச் சொல்றது? "ஒல்லியா இருப்பாரு"ன்னேன்.

"கோவக்காரரா?"

"அப்பிடித்தான் சொல்லிக்கிறாங்க."

"சிரிப்பாரா?"

கொஞ்சம் யோசிச்சுத்தான் சொன்னேன். "தனியா இருக்கும்போது சிரிப்பாரு. நீங்க எழுதுனதையெல்லாம் படிச்சிட்டு."

அப்பறம் கேக்குறான், "ஐயா வீட்டுல இருந்து யாராவது வருவாங்களா? முன்வரிசையில நடுவுல ஒரு நாற்காலிய அவங்களுக்குன்னு ஒதுக்கி வைக்கப் போறோம். வரலைன்னாலும் வேற யாரையும் அதுல உக்கார விட மாட்டோம்"னு. நான் என்ன செஞ்சிருக்கணும்? தெரியாதுன்னு சொல்லிட்டு வச்சிருக்கணும். வாய் சும்மா இருக்கல. "வருவாங்க"ன்னு சொல்லித் தொலைச்சிட்டேன்.

நாகமலை வந்திருச்சு. இன்னும் பத்து நிமிசத்துல காளவாசல்.

நீங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்கலைன்னா ஒண்ணு சொல்றேன். போன ஒடனே இந்தப் பைலத் தூக்கிக் காட்டலாம்னுதான் வீட்டுல இருந்து கெளம்புனேன். காட்டுனா என்ன ஆகும்? எல்லாரும் ஓடி வருவாய்ங்க, சிரிப்பாய்ங்க, காப்பியக் குடிச்சிட்டு அவனவன் ஊரப் பாக்கப் போயிருவாய்ங்க. பேசுறதுக்குன்னு எழுதி எடுத்துட்டு வந்ததெல்லாம் மடிச்ச மடிப்போட பைக்குள்ளயே போயிரும். உயிரோட இருக்கிறவன் முன்னாடி அதையெல்லாம் எவன் வாசிப்பான்? மெனக்கெட்டு மேலப்பாளையத்துல இருந்தும் காரைக்குடியில இருந்தும் வந்திருக்காய்ங்க. நான் ஒரு கூட்டத்தக் கெடுக்கிற ஆளில்ல. பேசி முடிக்கட்டும். கடைசி ஆளும் பேசி உக்காந்தப்பறம் எந்திரிச்சுத் தப்பெல்லாம் சொல்லிக்கலாம். அது வரைக்கும் நான் பின்னாடி செவுத்தோரமா உக்காந்துக்கிறேன். மூஞ்சி தெரியாதுல்ல, எவனும் கேக்க மாட்டான்.

அந்த நாற்காலி ஒண்ணுதான் எனக்கு உறுத்துது. பூனாவுல இருந்து இப்பக் கூப்பிட்டா அவன் வரப்போறதில்ல. நீங்க ஏதோ மோட்டாருக்குக் காயில் கட்டப் போறேன்னுதானே ஏறும்போது போன்ல சொன்னீங்க? காலையில குடுத்தா சாயங்காலத்துக்கு முன்னாடி எவனும் கட்டித் தரமாட்டான். மோட்டாரக் கடையில எறக்கிட்டு வாங்க, நான் வெளியில நிக்கிறேன். என் தம்பி மகன்னு சொல்லிக்கலாம். பேசச் சொன்னா, பெரியப்பாவப் பத்திச் சொல்ற அளவுக்கு மனசு தெளியலைன்னு சொல்லிருங்க, அதுக்கு மேல கேக்க மாட்டாய்ங்க, நல்ல பயலுக. மொத்தமே ஒரு மணி நேரம். சும்மா உக்காந்திருந்தாப் போதும் தம்பி. காலியாக் கெடக்க வேண்டாம், அவ்வளவுதான்.